ஓய்வு ஒரே நாளில் வர வேண்டுமா?

மாதத்தின் கடைசி வேலை நாள். மாலை நான்கு மணிக்கு அலுவலகக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். சந்தன மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், மிக்சரும் லட்டும் வைத்த காகிதத் தட்டு. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியை ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டு, அலுவலக ஜீப்பில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் குடும்பத்தில் இப்படி மூன்று பணி நிறைவு விழாக்களைப் பார்த்திருக்கிறேன். என் மனதில் தங்கிப்போனது பெரியப்பாவின் விழாவுக்கு மறுநாள் காலை. ஒன்பது மணிக்கு வழக்கம்போல் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் வரை ஒரு தாலுகாவின் நில ஆவணம் முழுக்க அவர் தலையில் இருந்தது. எந்த சர்வே எண்ணில் என்ன வழக்கு நிலுவை என்று கேட்டால் கோப்பைத் திறக்காமலே சொல்வார். விடிந்ததும் அது யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

எங்கள் தெருமுனை ஏடிஎம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு வயது 67. நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தார். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு நாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலை அழுத்திக் காட்டினார். விரல் பதிந்த குழி மேலெழும்ப நேரமானது. "ஆறு மணி நேரம்னா தாராளமா பார்ப்பேன் சார். அதுக்கு மேலதான் முடியல. ஆனா ஆறு மணி நேரத்துக்குன்னு எவன் ஆள் எடுக்கறான்?" என்றார்.

பெரியப்பாவுக்கு வேலையே இல்லை; காவலாளிக்கு வேலை ஓயவே இல்லை. இருவரும் விரும்பியது ஒன்றுதான்: பாதி வேலை. அந்தப் பாதி வேலை சந்தையில் ஏன் கிடைப்பதில்லை, அதை உண்டாக்க முயன்ற நாடுகள் என்ன கற்றுக்கொண்டன, நம் சட்டங்கள் அதற்கு எங்கே தடையாக நிற்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். படிப்படியான ஓய்வு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நல்ல யோசனைதான். அது நடக்காமல் போவதற்கு மனிதர்களின் மனப்பான்மையைக் குறை சொல்வது வழக்கம். நான் பார்த்தவரை குறை இருப்பது பெரும்பாலும் கணக்கில்: சம்பளத்தையும் பணிக்கொடையையும் ஓய்வூதியத்தையும் கணக்கிடும் சூத்திரங்களில்.

முதலில் அந்த வயதுக் கோடு எப்படி வந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த வயது 70. 1916இல்தான் அது 65 ஆனது. உழைக்க முடியாத நிலைக்கு ஒரு ஆதரவாக வந்த திட்டம் காலப்போக்கில் 'இந்த வயதில் எல்லோரும் நிறுத்துவது' என்ற வழக்கமாக மாறிவிட்டது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962இல் 55லிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழக அரசு 2020 மே மாதம் 58ஐ 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. பெருந்தொற்றில் வருவாய் சுருங்கியிருந்த அந்த ஆண்டில், ஓய்வு பெறுவோருக்கு ஒரே தவணையில் தர வேண்டிய பணப்பலன்கள் தள்ளிப்போயின என்பது அரசுக்குக் கிடைத்த உடனடி நன்மை. ஊழியர்களின் உடல்நிலையையோ வேலையின் தன்மையையோ அளந்து எடுத்த முடிவாக அதைச் சொல்ல முடியாது. கோடு தள்ளி வைக்கப்பட்டதே தவிர, அது கோடாகவே இருந்தது.

ஏன் கோடு? சரிவாக, படியாக இருக்கக் கூடாதா? இதற்குப் பொருளியலில் இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

முதல் விளக்கம் எட்வர்ட் லேசியர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1979இல் எழுதியது. கட்டாய ஓய்வு ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டார். இளைஞனுக்கு அவன் உழைப்பின் மதிப்பைவிடக் குறைத்தும், மூத்தவருக்கு அவர் உழைப்பின் மதிப்பைவிடக் கூட்டியும் நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. 'இப்போது பொறுத்துக்கொள், பின்னால் சேர்த்துத் தருகிறேன்' என்ற எழுதப்படாத ஒப்பந்தம் அது. தொழிலாளி ஒழுங்காக வேலை பார்க்கவும் நிறுவனத்தை விட்டுப் போகாமலிருக்கவும் அது உதவுகிறது. ஆனால் கூட்டித் தரும் காலம் முடிவில்லாமல் நீளக் கூடாது. ஒரு தேதி வேண்டும். ஓய்வு வயது அந்தத் தேதி. அறுபதில் ஒருவரை அனுப்புவதற்கு அவர் திறமை குறைந்தது காரணமாக இருக்க வேண்டியதில்லை. சம்பள ஏணி அந்த இடத்தில் முடிகிறது, அவ்வளவுதான். ஆண்டுதோறும் ஊதிய உயர்வு ஏறிக்கொண்டே போகும் நம் அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது விளக்கம் இன்னும் எளிது. வேலை என்பது சில்லறையாகக் கிடைப்பதில்லை, மொத்தமாகத்தான் கிடைக்கிறது. ஒருவர் நான்கு மணி நேரம் வந்தாலும் எட்டு மணி நேரம் வந்தாலும் அவருக்கான இடம், சீருடை, பயிற்சி, கணக்கு வழக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டு அரைநாள் ஆட்கள் என்றால் கைமாற்றும்போது தவறு வரும் என்ற பயம் வேறு. அதனால்தான் தாங்கள் பார்த்த வேலையிலேயே நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடிந்தவர்கள் மிகக் குறைவு என்பதை கஸ்ட்மன், ஸ்டைன்மையர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1980களிலேயே காட்டினார்கள். அமெரிக்காவில் 1986இல் கட்டாய ஓய்வு வயதையே பெரும்பாலான வேலைகளில் சட்டத்தால் ஒழித்துவிட்டார்கள். அப்படியும் நிலைமை முழுக்க மாறவில்லை. நீண்ட நாள் ஒரே வேலையில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல், முழு ஓய்வுக்கு முன்னால் வேறொரு சிறிய வேலைக்கு மாறிப்போகிறார்கள். இதை 'பாலம் போன்ற வேலை' என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். எங்கள் ஏடிஎம் காவலாளி கடப்பதும் அந்தப் பாலத்தைத்தான். அக்கரை எப்போது வரும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

முதியவர்களுக்கு விருப்பம் இல்லையோ என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. ஜான் அமெரிக்ஸ், ஆண்ட்ரூ கேப்லின், மேத்யூ ஷாப்பிரோ முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் பலர் நேரத்தைத் தாங்களே முடிவு செய்ய முடியுமானால் மீண்டும் வேலைக்கு வரத் தயார் என்றார்கள். அதற்காகக் கணிசமான சம்பளக் குறைப்புக்கும் சம்மதித்தார்கள். ஆக, ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வடிவத்தில் வேலைதான் இல்லை.

அப்படியானால் அரசு பணம் போட்டு அந்த வேலையை உண்டாக்கலாமே? ஐரோப்பா இதைச் செய்து பார்த்தது. அந்த அனுபவம் நிதானமாகப் படிக்க வேண்டிய பாடம்.

சுவீடன் 1976இல் பகுதி ஓய்வூதியம் கொண்டுவந்தது. 60 முதல் 64 வயதுக்காரர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டால், இழந்த சம்பளத்தில் 65 விழுக்காட்டை அரசு ஈடுகட்டும். ஒரு கட்டத்தில் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இதில் சேர்ந்தார். தொழிலாளருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஈடு 50 விழுக்காடாகக் குறைந்ததும் விண்ணப்பங்கள் சரிந்தன. பிறகு மீண்டும் உயர்த்தினார்கள். கடைசியில் செலவு தாங்காமல் திட்டத்தையே மூடினார்கள். இப்போது அங்கே மானியம் இல்லை. தன் ஓய்வூதியத்தில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என எடுத்துக்கொண்டு வேலையையும் தொடரலாம். முன்பே எடுத்தால் பிற்காலத்துக்கு அந்த அளவு குறையும். கணக்கு அவரவர் கையில்.

ஜெர்மனியின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கதையை வேறு பக்கம் திருப்பியது. முதியோர் பகுதிநேர வேலைக்கான அந்தச் சட்டம் இரண்டு வழிகளை அனுமதித்தது. ஒன்று, தினமும் பாதி நேரம். மற்றொன்று, முதல் பாதி ஆண்டுகள் முழு வேலை, அடுத்த பாதி ஆண்டுகள் வேலையே இல்லை. சம்பளம் மட்டும் முழுக் காலத்துக்கும் பரப்பித் தரப்படும். மிகப் பெரும்பாலோர் இரண்டாவதையே எடுத்தார்கள். நிறுவனத்துக்கும் வசதி, தொழிலாளிக்கும் வசதி. படிப்படியான ஓய்வு என்ற பெயரில் நடந்தது, முன்கூட்டியே வீட்டுக்குப் போவது. 2009க்குப் பிறகு தொடங்குவோருக்கு அரசு மானியம் நிறுத்தப்பட்டது. ஆஸ்திரியாவின் ஒத்த திட்டத்தை ஆராய்ந்த கிராஃப், ஹோஃபர், வின்டர்-எப்மர் மூவரும் 2011இல் கண்டதும் இதுதான்: ஆட்கள் சற்றுக் கூடுதல் காலம் வேலையில் நீடித்தார்கள், ஆனால் மொத்த உழைப்பு நேரம் குறைந்தது. பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆக்செல் பொர்ஷ்-சூப்பனின் குழுவும் 2018இல் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது.

இதை வைத்துப் படிப்படியான ஓய்வு தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மொத்த உழைப்பு நேரத்தைக் கூட்டுவது அரசின் இலக்காக இருக்கலாம். 62 வயதில் முதுகுவலியோடு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அந்த இலக்கு எப்படிப் பொருந்தும்? நேரம் குறைந்ததை அவர் வாழ்க்கை கூடியதாகக் கணக்கில் எழுதுவார். ஆய்வுகள் நிரூபிப்பது இதை மட்டுமே: மானியத்தை அள்ளிக் கொடுத்தால், முழு நேரம் வேலை பார்க்கக்கூடியவரும் அதில் வந்து சேருவார், பணம் யாருக்குத் தேவையோ அவரைத் தாண்டிப் போய்விடும். நெதர்லாந்தின் நகராட்சிகளிலும் உலோகத் தொழிலிலும் இருக்கும் தலைமுறை ஒப்பந்தம் இதில் ஒரு நடுவழி. 80 விழுக்காடு வேலை, 90 விழுக்காடு சம்பளம், 100 விழுக்காடு ஓய்வூதியச் சேமிப்பு. தொழிலாளி சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், முதலாளி கொஞ்சம் தாங்குகிறார், ஓய்வூதியத்தில் யாரும் கை வைப்பதில்லை. அந்த மூன்றாவது எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கணக்கு வரும்போது அது வேண்டியிருக்கும்.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மக்களில் 29 விழுக்காட்டினர் 65ஐத் தாண்டிய நாடு அது. அவர்களில் நால்வரில் ஒருவர் வேலை பார்க்கிறார். 65 முதல் 69 வரையிலானவர்களில் பாதிக்கு மேல். ஓய்வு வயதை 60க்குக் கீழே வைக்கக் கூடாது என்பது 1998 முதல் சட்டம். அதன் பிறகு நிறுவனங்களுக்கு மூன்று வழிகள் தரப்பட்டன: ஓய்வு வயதை உயர்த்தலாம், அடியோடு நீக்கலாம், அல்லது ஓய்வு கொடுத்துவிட்டு 65 வரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான நிறுவனங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தன. லேசியரைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அறுபதாவது வயதில் சம்பள ஏணி முடிகிறது. மறுநாள் அதே மேசை, அதே வேலை, ஓராண்டு ஒப்பந்தம், குறைந்த சம்பளம். இந்தச் சம்பளச் சரிவைத் தாங்க 1995 முதல் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து ஒரு தொகை தந்தார்கள். முதலில் புதிய சம்பளத்தில் 25 விழுக்காடு வரை, 2003 முதல் 15, 2025 ஏப்ரல் முதல் 10 என அதுவும் சுருங்கிவிட்டது.

அதே லாரி, அதே சரக்கு, அதே சாலை. அறுபது ஆனதும் சம்பளம் மட்டும் ஏன் குறைய வேண்டும் என்று மூன்று லாரி ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018 ஜூனில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஓய்வூதியம் வரப்போகிறவர் என்பதைக் கருத்தில் கொண்டால் பெரும்பாலான வேறுபாடுகள் நியாயமற்றவை எனச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்ததற்கான ஊக்கத்தொகையை மறுத்தது தவறு, ஏனென்றால் தவறாமல் வருவதன் தேவை வயதோடு மாறுவதில்லை. இந்தத் தீர்ப்பில் பாதி எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு சம்பளப் படியையும் தனித்தனியாக எடுத்து 'இது எதற்காகத் தரப்படுகிறது' என்று கேட்ட முறை, இந்த விவாதத்தில் எல்லோரும் பின்பற்ற வேண்டிய முறை.

ஜப்பானில் இன்னொரு அமைப்பும் இருக்கிறது. 1975இல் டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில் தொடங்கிய முதியோர் மனிதவள மையம். தொழிலாளர் கொள்கை அறிஞரும் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவருமான ஒகோச்சி கசுவோ இதற்குக் கருத்தடித்தளம் போட்டவர். இன்று நாடெங்கும் சுமார் 7 லட்சம் உறுப்பினர்கள். பூங்கா சுத்தம் செய்வது, மரக்கிளை வெட்டுவது, சைக்கிள் நிறுத்துமிடம் பார்ப்பது, காகிதக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது என வாரத்துக்குச் சில மணி நேர வேலைகளை மையம் ஒப்பந்தம் எடுத்து உறுப்பினர்களுக்குப் பங்கிடும். வேலையைச் சில்லறையாக்கும் செலவை ஒரு பொது அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஆள் எடுப்பது தனி முதலாளிக்குக் கட்டுப்படியாகாது என்ற சிக்கலுக்கு இது நேரான விடை. குறையும் உண்டு. இதில் பெரும்பாலோர் ஊழியர் என்ற தகுதி இல்லாதவர்கள். கிடைப்பதும் கூலி என்ற பெயரில் வருவதில்லை, பங்குத்தொகை. வயதானவர்கள் வேலை பார்த்தால் விபத்தும் கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது: ஜப்பானில் வேலையிடத்தில் காயமடைவோரில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

சிங்கப்பூர் ஜப்பானின் வழியைத் துலக்கி எழுதிக்கொண்டது. அங்கே ஓய்வு வயது வேறு, மறுவேலை நியமன வயது வேறு. 2022 ஜூலையில் 63, 68 என்றானவை, 2026 ஜூலையில் 64, 69 என உயர்கின்றன. தகுதியுள்ளவருக்கு முதலாளி குறைந்தது ஓராண்டு ஒப்பந்தம் தர வேண்டும். தர வேலை இல்லையென்றால் உதவித்தொகை தந்து அனுப்ப வேண்டும்.

மூத்தவர்கள் இடத்தை விடாவிட்டால் இளைஞர்கள் எங்கே போவார்கள்? தமிழ்நாட்டில் ஓய்வு வயது உயர்ந்த ஒவ்வொரு முறையும், தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கேட்ட கேள்வி இது. ஜொனதன் குரூபர், டேவிட் வைஸ் தொகுத்த பன்னிரண்டு நாட்டு ஆய்வு 2010இல் வெளிவந்தது. மூத்தோர் வேலை கூடிய இடங்களில் இளைஞர் வேலை குறைந்ததாக அதில் தெரியவில்லை. ஒரு நாட்டில் வேலைகள் இத்தனைதான் என்று எண்ணி வைக்கப்பட்டிருக்கவில்லை. சம்பாதிக்கும் முதியவர் செலவழிக்கிறார், அந்தச் செலவு வேறொருவருக்கு வேலையாகிறது. ஆனால் நாட்டுக்கு உண்மையானது ஒரு அலுவலகத்துக்கு உண்மையாக வேண்டியதில்லை. இத்தாலியில் 2011இல் ஓய்வு வயது திடீரென உயர்ந்தபோது, முதியவர்கள் தங்கிப்போன நிறுவனங்களில் இளைஞர் நியமனம் குறைந்ததையும், உடன் வேலை பார்த்தவர்களின் பதவி உயர்வும் சம்பள உயர்வும் தேங்கியதையும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும் அரசுத் துறையில் இளைஞர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் முழு இருக்கையை இரண்டாண்டு நீட்டுவதைவிட, அரை இருக்கையை நான்காண்டு நீட்டுவது நல்லது. ஸ்பெயினில் 1984 முதல் 'மாற்று ஒப்பந்தம்' என்ற ஏற்பாடு இருக்கிறது: மூத்தவர் நேரத்தைக் குறைத்துப் பகுதி ஓய்வூதியம் வாங்கும்போது, விடுபட்ட நேரத்துக்குப் புதியவர் ஒருவரை நிறுவனம் எடுக்க வேண்டும். என் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு இளைஞர் ஓராண்டு பக்கத்தில் இருந்திருந்தால், அந்தத் தாலுகாவின் ஆவண அறிவு திண்ணையோடு போயிருக்காது. நம்மிடமும் இதன் ஒரு துளி உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் தருகிறார்கள், பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாது என்று. கைமாறும் அறிவுக்கு மதிப்பு உண்டு என்பதை அரசு ஒரு துறையில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

வயதானால் வேலைத்திறன் குறையும் என்ற நம்பிக்கையை நேரில் சோதித்த இடங்கள் சில உண்டு. ஜெர்மனியின் ஒரு லாரித் தொழிற்சாலையில் ஒவ்வொரு குழுவும் செய்த பிழைகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள் பொர்ஷ்-சூப்பனும் வைஸும் (மேலே வந்த டேவிட் வைஸ் வேறு). சிறு பிழைகள் வயதோடு கூடின. பெரும் நஷ்டம் தரும் பிழைகளைத் தவிர்ப்பதில் அனுபவம் கைகொடுத்தது. கூட்டிக் கழித்தால் 60 வயது வரை உற்பத்தித்திறன் சரியவில்லை. டிங்கோல்ஃபிங் நகரின் பிஎம்டபிள்யூ ஆலையில் 2007இல் நடந்தது இன்னும் கண்கூடானது. பத்தாண்டு கழித்துத் தங்கள் ஆட்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணித்து, அதே வயதுக் கலவையில் ஒரு உற்பத்தி வரிசையை இப்போதே அமைத்துப் பார்த்தார்கள். வேலையாட்களையே என்ன வேண்டும் என்று கேட்டு 70 சிறு மாற்றங்கள் செய்தார்கள். கான்கிரீட் தரை முழங்காலை வருத்துகிறது என்றார்கள், மரத்தரை போட்டார்கள். முடிதிருத்தும் கடையில் இருப்பதுபோன்ற உயரம் மாற்றும் நாற்காலி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, பெரிய எழுத்துத் திரை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. எங்கள் காவலாளி கேட்பது ஒரு முக்காலி. காலைத் தூக்கி வைத்துக்கொள்ள.

இனி நம் ஊர்க் கணக்கு. ஓய்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் பாதி நேரம் வேலை பார்க்கிறேன், பாதிச் சம்பளம் போதும் என்று ஒரு தொழிலாளி நிர்வாகத்திடம் கேட்கிறார், நிர்வாகமும் ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணிக்கொடை எப்படிக் கணக்கிடப்படுகிறது? கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 30 ஆண்டுப் பணி, கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 6,92,307 ரூபாய் வரும். இவர் பாதி நேரத்துக்கு மாறியதால் கடைசிச் சம்பளம் 20,000. பணிக்கொடை 3,46,153. முழு நேரம் உழைத்த 28 ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பாதியாகிவிட்டது. இரண்டு ஆண்டு அரைநாள் வேலைக்கு அவர் கொடுத்த விலை மூன்றரை லட்சம் ரூபாய்.

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும் இதே பள்ளம் இருக்கிறது. 2014 செப்டம்பர் முதல் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரிதான் ஓய்வூதியத்தின் அடிப்படை, 15,000 ரூபாய் என்ற உச்சவரம்போடு. மாதம் 14,000 ரூபாய் வாங்கும் ஒரு ஆலைத் தொழிலாளி கடைசி ஐந்து ஆண்டுகளைப் பாதிச் சம்பளத்தில் கழித்தால் ஆயுள் முழுவதற்குமான ஓய்வூதியம் பாதியாகும். 58ஐத் தாண்டி ஓய்வூதியத்தைத் தள்ளி வைப்பவருக்கும் ஊக்கம் போதாது: ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும், அதுவும் 60 வயது வரை மட்டும். அமெரிக்காவில் தள்ளி வைக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 8 விழுக்காடு, ஜப்பானில் 8.4. வங்கி வைப்பு வட்டி நம் ஊரில் அந்த நாடுகளைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கணக்குத் தெரிந்த எவரும் 58இலேயே வாங்கிக்கொண்டு வெளியே வேலை தேடுவார். அப்படித்தான் செய்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய வெளிநாட்டு நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவிலேயே வழி எழுதியிருந்தது. விபத்தாலோ நோயாலோ உடல் ஊனமுற்று, குறைந்த சம்பளத்தில் வேலையைத் தொடர்பவருக்கு, ஊனத்துக்கு முந்தைய ஆண்டுகளை அப்போதைய சம்பளத்திலும் பிந்தைய ஆண்டுகளைக் குறைந்த சம்பளத்திலும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றது அது. அதே முறையில் மேலே சொன்னவருக்குக் கணக்குப் போட்டால் 6,69,230 ரூபாய் வரும். இழப்பு 23,077 ரூபாய் மட்டும். ஊனத்துக்குத் தந்த நியாயத்தை முதுமைக்கும் தருவதற்கு ஒரு வரித் திருத்தம் போதும். நெதர்லாந்தின் மூன்றாவது எண் சொல்லும் பாடமும் இதுவே.

இதுவரை பேசியது மாதச் சம்பளக்காரர்களைப் பற்றி. அவர்கள் சிறுபான்மை. 2017-18இல் 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த தேசிய முதுமை ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானோர் வேலையில் இருந்தார்கள், ஆண்களில் பாதிப்பேர். உழவு, கூலி, சிறுகடை. படிப்படியான ஓய்வு இவர்களிடம் பழைய நாளிலிருந்தே இருக்கிறது. குழித்தறியில் இறங்கி மிதிக்க முழங்கால் மறுக்கும் நாளில் நெசவாளர் தறியை மகனிடம் விட்டுவிட்டுத் தார் சுற்ற உட்காருகிறார். கடலுக்குப் போக முடியாதவர் கரையில் வலையின் கிழிசலை முடிகிறார். ஏர் பிடித்தவர் ஆடு மேய்க்கிறார். திருப்பூரில் வயதான பெண்கள் வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிறார்கள். ஐரோப்பா சட்டம் போட்டு உண்டாக்க முயன்ற சரிவு இங்கே தானாகவே இருக்கிறது. இல்லாதது, வருமானம் குறையும்போது அதைத் தாங்கும் மறுபக்கம். உழைப்பு பாதியானால் சோறும் பாதியாகிறது.

பெண்களுக்கு இது இன்னும் கடுமை. ஊழியர் ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். கல்யாணம், பிரசவம், ஊர் மாற்றம் என்று பல பெண்கள் பத்தாண்டை எட்டுமுன்பே வேலையை விடுகிறார்கள். முதுமையில் அவர்களுக்குக் காத்திருப்பது பேரப்பிள்ளை வளர்ப்பு. மகளோ மருமகளோ ஷிப்டுக்குப் போக முடிவது அந்தப் பாட்டி வீட்டில் இருப்பதால்தான். அவருடைய ஓய்வும் வேலையும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழகக் கிராமங்களில் நடந்த நூறு நாள் வேலையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். நரைத்த தலைகள் அவர்களில் நிறைய. அதில் வயது உச்சவரம்பு இருக்கவில்லை. வீட்டருகே, தன் வேகத்தில், ஆண்டில் சில நாட்கள் என்ற அந்த வடிவம் அவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. ஜப்பானின் முதியோர் மையத்தோடு நம்மிடம் ஒப்பிடத்தக்கது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962 முதல் இருக்கிறது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயது வரையிலானவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். பல ஆண்டுகளாக அதே 200. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அரசின் நிபுணர் குழு கணிப்பு. காவலாளி ஆறு மணி நேர வேலை கேட்கும் துணிவு பெற வேண்டுமென்றால், மீதி ஆறு மணி நேரத்தின் கூலிக்கு ஈடாக ஏதாவது ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். ஓய்வூதியம் உயர்வது அவரை வேலையிலிருந்து விலக்கிவிடும் என்ற பயம் பொருளியலில் உண்டு. 67 வயதுக்காரர் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து விலகுவதை நான் நஷ்டமாகக் கருதவில்லை.

ஆலைகளில் அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதும் தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பள உயர்வு, போனஸ், கேன்டீன் என்று எழுதும்போது இன்னொரு வரியையும் சேருங்கள்: 55 வயதைத் தாண்டியவர் விரும்பினால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அப்படிக் குறைத்தால் பணிக்கொடை முந்தைய ஆண்டுகளுக்கு முழுச் சம்பளத்திலேயே கணக்கிடப்படும். சட்டம் தருவதைவிட மேலான பணிக்கொடையை ஒப்பந்தத்தில் பெறுவதற்குத் தடையில்லை. அந்த வரி எழுதப்படும் வரை, 'பாதி நேரம் வந்தால் போதும்' என்று நிர்வாகம் அன்போடு சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கணக்குப் பிரிவுக்குப் போய், உங்கள் பணிக்கொடை எந்த மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.